காதிலிருந்து எடுத்த மூக்கு

அம்மா வீட்டுக்கு வந்துகொண்டிருப்பதை அவள் மூக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். உப்பளத்தில் பகல் முழுவதும் உப்பு வாரிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் வேகமாக நடந்து வருவாள். மூச்சு வாங்கும். ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் வலது நாசியின் ஓரம் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். மிச்சமிருக்கும் இடுக்கில் காற்று புகும்போது மெல்லிய விசில் ஒன்று கிளம்பும். தெருமுனையில் அது கேட்டதும் அப்பா எனக்குக் குரல் கொடுப்பார்.

"ஏளா, வாசல்ல நிக்க சைக்கிளை எடு. கப்பல் உள்ள வருது."

அம்மா படியேறிக்கொண்டே பதில் சொல்லுவாள். "கப்பல் வந்தா சரக்கு இறக்க ஆள் வேணும்லா? உக்காந்திருந்தா எப்படி? இந்த விறகை இறக்குங்க."

அப்பா துறைமுகத்தில் தோணிகளுக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறவர். நாள் முழுக்கச் சுமந்துவிட்டு வந்தவர் முனகிக்கொண்டே எழுந்து அம்மாவின் தலைச்சுமையை வாங்குவார். இருவரும் சிரிப்பார்கள். தன் மூக்கைப் பற்றிய கேலியை அம்மா அப்பாவிடமிருந்து மட்டும்தான் பொறுத்துக்கொள்வாள். ஏனென்றால் அந்த மூக்குக்கு முத்து கொடுத்தவர் அவர்.

ஊரில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது அப்பாவுக்கு மீசை முளைத்துக்கொண்டிருந்த வயது. கரையில் சிப்பி சுமக்கும் வேலைக்குப் போயிருந்தார். அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதைக் கேள்விப்பட்ட கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் குளியாள் ஒருவர், தன் பங்குச் சிப்பியிலிருந்து இரண்டு கை அள்ளி, "மாப்பிள்ளைக்கு என் மொய், பிடி" என்று கொடுத்தாராம். எல்லாவற்றையும் திறந்து பார்த்ததில் ஒன்றில் மட்டும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய முத்து இருந்தது. நல்ல உருண்டை. அதைத் தங்கத்தில் பதித்து மூக்குத்தியாக்கி அம்மாவுக்குப் போட்டார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெண்ணைப் பார்த்தார்களோ இல்லையோ, மூக்கைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று அம்மா சொல்லுவாள்.

நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள், அளத்தில் குனிந்து வேலை செய்யும்போது மூக்குத்தியின் திருகாணி உப்புக்குள் விழுந்துவிட்டது. உப்பை அள்ளி அள்ளித் தேடியும் கிடைக்கவில்லை. முத்தைக் கழற்றி வைத்தாள். வேறு திருகாணி செய்து வருவதற்குள் துளை தூர்ந்துபோயிற்று. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்திருந்த ஊசிக்காரன் ஒருவன் மறுபடியும் குத்தினான். பழைய தழும்பை விட்டுத் தள்ளி, கொஞ்சம் மேலே குத்திவிட்டான். நாசியின் கீழ் ஓரம் வெறும் சதை. அதற்கு மேலே விரலால் அழுத்தினால் துள்ளுகிற ஒரு விறைப்பு இருக்கிறது. அதுதான் குருத்தெலும்பு. ஊசி அதைத் துளைத்துக்கொண்டு போயிற்று. சீழ் பிடித்து, முகம் வீங்கி, எல்லாம் வற்றியபோது உள்ளே இருந்த குருத்தெலும்பு கரைந்து போயிருந்தது. கம்பைப் பிடுங்கிய பந்தல் போல நாசி சரிந்துவிட்டது.

அன்றிலிருந்து முத்து ஒரு குங்குமச் சிமிழுக்குள் பஞ்சில் தூங்கியது. அளத்துப் பெண்கள் எல்லோரும் வெயிலுக்குத் தலையில் துணி கட்டுவார்கள். அம்மா மட்டும் அதை மூக்குக்குக் குறுக்கே இழுத்துப் பின்னால் முடிச்சுப் போடுவாள். கேட்டால், உப்பு கண்ணாடி மாதிரி கண்ணைக் கூசுகிறது என்பாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மூக்கை மூடுகிற கூச்சம் அது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும். நர்சிங் படிப்பை முடித்து ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆபரேஷன் தியேட்டரில் போட்டார்கள். எண்பதுகளின் கடைசி அது. வாரம் ஒரு நாள் மதுரையிலிருந்து பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் பஸ்ஸில் வருவார். தீக்காயம் பட்டவர்கள், உதடு பிளந்து பிறந்த பிள்ளைகள்தான் அவருக்கு அதிகம். நடுநடுவே அழகுக்காக மூக்கைத் திருத்திக்கொள்ள வருகிறவர்களும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மூக்கின் முதுகுத் திமிலைக் குறைக்க வந்த பெண், தொங்கும் நுனியைத் தூக்கி வைக்கச் சொல்லி வளைகுடா வேலையிலிருந்து லீவில் வந்த பையன், இப்படி.

அந்த மூக்குகள்தான் எனக்குப் பிடித்திருந்தன. எலும்பும் இல்லாமல் சதையும் இல்லாமல் நடுவில் இருக்கும் அந்தக் குருத்தெலும்பை டாக்டர் நடத்தும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இளநீர் வழுக்கை போல நீலம் ஓடிய வெள்ளை. வளைத்தால் வளையும், விட்டால் பழைய இடத்துக்கே போய் நிற்கும்.

"இதுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி" என்பார் டாக்டர். "அதட்டினா கேக்காது. தாஜா பண்ணணும்."

தாஜா பண்ணும் வழிகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். ஒரு பக்கத்தில் மட்டும் பிளேடால் லேசாகக் கீறினால் அது கீறாத பக்கமாக வளையும். நுனி அகலமாக இருந்தால் வெட்டி எறியாமல், இரண்டு பக்கத்து வளைவுகளையும் நூலால் சேர்த்து இழுத்துக் கட்டினால் ஒடுங்கும். எங்காவது குறைந்தால் காதின் கிண்ணம் போன்ற குழியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அங்கே பிறவியிலேயே வளைவு இருக்கிறது. எடுத்த பிறகும் காது காதாகவே நிற்கும். எவ்வளவு எடுப்பது என்பதற்கு டாக்டர் ஒரு வேலை செய்வார். தையல் நூல் வரும் அலுமினியத் தாள் உறையைக் கத்தரித்து, மூக்கின் மேல் வைத்துப் பார்த்து, தையல்காரர் மாதிரி அளவு வெட்டிக்கொள்வார். பிறகுதான் காதைத் தொடுவார். செதுக்கிய துண்டைச் சலைன் உப்புநீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். அது கோணிக்கொள்ள நினைத்தால் மூக்குக்குள் போவதற்கு முன்பே, கிண்ணத்திலேயே கோணட்டும் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கணவாய் வாங்கியிருந்தோம். நான் கற்ற வித்தையைக் காட்டியே தீருவேன் என்று உட்கார்ந்தேன். கணவாயைத் தட்டையாக விரித்து, ஒரு முகத்தில் மட்டும் மேலோட்டமாகக் கோடு கோடாகக் கீறி வெந்நீரில் போட்டேன். கீறிய முகம் வெளியே தெரிய அது சுருண்டுகொண்டது.

"பாத்தீங்களா? இப்படித்தான் மூக்குக்குள்ள வளைப்பாங்க."

அப்பா எட்டிப் பார்த்தார். "அப்ப உங்க ஆஸ்பத்திரில மூக்கை வேகவைக்காங்களா?"

"எப்பா! கத்தியையும் கத்தரியையும்தான் வேகவைப்போம். கிருமி சாகுறதுக்கு. மூக்கை யாரும் வேகவைக்கல."

"மசாலா போட்டியா?"

அம்மா சிரிக்கவில்லை. அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுருண்ட கணவாயை எடுத்துத் தன் நாசியின் மேல் வைத்துப் பார்த்தாள். "காதுல இருந்து எடுத்து இங்கன வைப்பாங்களோ?"

"வைப்பாங்க."

"வச்ச பெறவு, அதுல மூக்குத்தி குத்தலாமா?"

"முதல்ல மூக்கு வரட்டும்மா."

"வந்தா என்னத்துக்கு வருது? அதுக்குத்தான கேக்கேன்" என்றாள்.

மழை தொடங்கி அளங்கள் மூடியதும் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் மெல்லிய கம்பி ஒன்றை நாசிக்குள் விட்டு, சரிந்த ஓரத்தை உள்ளிருந்து நிமிர்த்திப் பிடித்தார்.

"இப்ப மூச்சை நல்லா இழுங்கம்மா."

அம்மா இழுத்தாள். சத்தமே இல்லை. அவள் கண் விரிந்தது. இன்னொரு தடவை இழுத்தாள். பிறகு விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் சிரித்தபடி கம்பியை எடுத்ததும் விசில் திரும்பி வந்தது.

"இந்தக் கம்பி செய்யற வேலையை உங்க காதே செய்யும். சின்ன ஆபரேஷன்தான்."

"மூக்குத்தி குத்தலாமா ஐயா?"

டாக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "குத்தினதாலதானம்மா இந்த மூக்கு இப்படி ஆச்சு. சரிபண்ணி மறுபடியும் குத்தறதா? கூடவே கூடாது."

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "அப்ப வேண்டாம்யா. நீங்க நல்லா இருக்கணும்." கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

வெளியே தூறல். குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். எனக்குக் கோபமான கோபம். எங்கள் டாக்டர் முன்னால், நான் வேலை பார்க்கிற இடத்தில் இப்படி எழுந்து வந்துவிட்டாளே என்று.

"எம்மா, மூச்சு நல்லா வருமேன்னு பாக்கமாட்டியா?"

"மூச்சு இப்பவுந்தான் விடுதேன். செத்தா போயிட்டேன்?"

"ஒட்டுற மூக்குத்தி வந்திருக்கும்மா. குத்தவே வேண்டாம்."

"பசை போட்டு ஒட்டினா அதுக்குப் பேரு தபால்தலை."

"சரி, எடது பக்கம் குத்திக்க. அந்தப் பக்கம் நல்லாத்தான இருக்கு."

அம்மா நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்கப்பாவை எடது பக்கத்து வீட்டுல போய் இருக்கச் சொல்லுதியா?"

வீட்டில் இதைக் கேட்டதும் அப்பா, "எடது பக்கம் எந்த வீடு? மீன் குழம்பு வைக்க வீடா?" என்று விசாரித்தார். அம்மா விறகுக் கட்டையைத் தேடினாள்.

சிரித்தாலும் அவள் முடிவு மாறவில்லை. முத்து ஏறாத மூக்குக்காகக் கத்திக்குக் கீழே படுக்கமாட்டாள். எனக்கு முதலில் அது பிடிவாதமாகத்தான் தெரிந்தது. பிறகு ஒரு சாயங்காலம், யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு அவள் சிமிழைத் திறந்து முத்தைப் பழைய இடத்தில் வைத்து, இன்னொரு விரலால் நாசியைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். டாக்டரின் கம்பி செய்த வேலையை விரல் செய்தது. எத்தனை வருஷமாக இப்படிப் பார்க்கிறாளோ. நான் சத்தம் காட்டாமல் பின்வாங்கினேன்.

அடுத்த வாரம் ஆபரேஷன் எல்லாம் முடிந்து, மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குப்பையில் தையல் நூல் உறை கிடந்தது. எடுத்தேன். டாக்டர் வெட்டுவது போலவே ஒரு பிறை வெட்டினேன். அம்மாவின் நாசி ஓரத்தின் வளைவு எனக்கு மனப்பாடம். பிறகு பிறையின் கீழ் ஓரத்தில், முத்து இருந்த இடத்தில், கத்தரியால் சின்னதாக ஒரு பள்ளம் எடுத்தேன். அந்த இடத்தில் குருத்தெலும்பு இருக்காது. சதை மட்டும் இருக்கும். மூக்குத்தி சதை வழியாக மட்டும் போகும். குருத்தெலும்பை யாரும் தொட வேண்டியதில்லை.

டாக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"சார், ஒரு நிமிஷம். எங்கம்மா மூக்கு."

தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் இரண்டு விரலால் பிறையின் இரு முனைகளையும் பிடித்து லேசாக அழுத்தினார். பள்ளம் வெட்டிய இடத்தில் தாள் சட்டென்று மடிந்துவிட்டது.

"ஒவ்வொரு மூச்சுக்கும் இங்கேதான் மடங்கும்" என்றார். "மறுபடியும் விசில்."

என் முகம் விழுந்ததைப் பார்த்திருப்பார். தாளைக் கீழே போடவில்லை. டீயைத் தள்ளி வைத்துவிட்டுக் கத்தரியைக் கேட்டார். இன்னொரு சின்னத் துண்டு வெட்டி, பள்ளத்துக்கு மேலே குறுக்காக, பாலம் போட்ட மாதிரி வைத்தார். மறுபடி அழுத்தினார். மடியவில்லை.

"ரெண்டு துண்டு. இதோட வளைவும் அதோட வளைவும் எதிரும் புதிருமா வச்சுத் தைச்சா, ஒண்ணை ஒண்ணு பிடிச்சு நிறுத்தும்." தாளை என்னிடம் நீட்டினார். "ஆபரேஷன்லயே துளையும் வச்சிடறேன். பிற்பாடு ஊசி, ஆசாரி, கொடை, ஒருத்தனும் பக்கத்துல வரக் கூடாது. துளை நான் சொல்ற இடத்துல. உங்கம்மா சொல்ற இடத்துல இல்ல."

அந்த இரண்டு தாள் துண்டுகளையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மாவிடம் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இதை யாரு வெட்டினது?"

"பெரிய துண்டு நான். சின்னது டாக்டர்."

"அப்ப சரி" என்றாள்.

ஆபரேஷன் அன்று காலையில் அவள் குளித்துவிட்டு வந்து, கண்ணாடி முன் நின்று, வலது நாசியில் முத்து இருந்த இடத்தில் சாந்துக் குச்சியால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள். டாக்டர் இடம் தெரியாமல் தடுமாறிவிடக் கூடாதாம். தியேட்டரில் முகம் துடைக்கும்போது அந்தப் புள்ளி பஞ்சோடு போய்விட்டது. வேறு யார், நான்தான் துடைத்தேன். ஆபரேஷனுக்கு முன் முகம் துடைப்பது என் வேலை.

மரத்துப்போகும் ஊசி மட்டும்தான். அம்மா விழித்திருந்தாள். கண்ணுக்கு மேலே பச்சைத் துணி. காதின் பின்பக்கம் திறந்து டாக்டர் குருத்தெலும்பை எடுத்துக்கொண்டிருக்கும்போது துணிக்குக் கீழிருந்து குரல் வந்தது.

"ஐயா, கம்மலுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

"கம்மல் தொங்கற இடம் கீழ இருக்கும்மா. நான் அந்தப் பக்கமே போகல."

"பொட்டு இருக்கா?"

"எந்தப் பொட்டு?"

நான் கையுறைக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "சார், அம்மா அடையாளம் வச்சிருந்தாங்க. நான் துடைச்சிட்டேன்."

"ஏளா, பெத்த தாயி வச்ச பொட்டை அழிச்சியா?" என்றது துணி.

டாக்டரின் தோள் குலுங்கியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்து முடித்த பிறகுதான் எடுத்தார். "எங்க இருந்ததுன்னு உங்க பொண்ணுக்குத் தெரியும். தாள் வெட்டினவ அவதான்."

என் தாளைக் கொதிக்க வைத்து மேசையில் வைத்திருந்தோம். அதன் அளவுக்கே அவர் காதின் துண்டை வெட்டினார். பள்ளம், அதன் மேல் பாலம், மயிரிழை நூலால் தையல். பிறகு அதைச் சலைன் கிண்ணத்தில் போட்டார். எல்லோரும் சும்மா நின்றோம்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றாள் அம்மா.

"உங்க காது குளிச்சிட்டிருக்கு."

"நல்லாக் குளிக்கட்டும். உப்புல கெடந்த காது."

கிண்ணத்துக்குள் அது கோணவில்லை. போட்ட வளைவிலேயே நின்றது. நாசியின் உட்பக்கம் திறந்து டாக்டர் அதை இடம் பார்த்து உட்கார வைத்தபோது, சரிந்த ஓரம் என் கண் முன்னால் எழுந்து நின்றது. நான் பிறந்ததிலிருந்து பார்க்காத அம்மாவின் முகம் அது. பிறகு டாக்டர் பள்ளத்துக்கு நேரே, சதையில் ஊசி ஏற்றி, தடித்த நீல நைலான் நூலை உள்ளிருந்து வெளியே கொண்டுவந்து முடிச்சுப் போட்டார். துளை மூடாமல் அந்த நூல் காவல் இருக்கும்.

"இடம் சரியா?" என்று என்னைக் கேட்டார்.

"சரி சார்" என்றேன்.

கட்டுப் பிரித்ததும் அந்த நீல முடிச்சு வெளியே தெரிந்தது. அம்மாவைப் பார்க்க, அளத்தில் பக்கத்துப் பாத்தியில் வேலை செய்யும் அத்தை வந்தாள். படுக்கைக்கு அருகில் குனிந்து பார்த்தாள்.

"என்ன மைனி, நீலக்கல்லு வச்சிருக்கிய? எந்தக் கடை?"

"மதுரைக் கடை" என்றாள் அம்மா. "ஆள் பஸ்ஸுல கொண்டாந்து போட்டுட்டுப் போனாரு."

"நமக்கும் ஒண்ணு சொல்லக் கூடாதா?"

"முதல்ல காதை அறுக்கணும். சம்மதமா?"

அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வேறொரு கஷ்டம் ஆரம்பித்தது. விசில் இல்லாததால் அம்மா வருவதே தெரியவில்லை. அவள் ஒளித்து வைத்த வெல்லக்கட்டியை அப்பா நின்று நிதானமாகத் தின்றுகொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றாள். "மணி கட்டி விட்டிருக்கணும்" என்று அப்பா என்னிடம் புலம்பினார்.

மழைக்காலம் போய், அளத்தில் பாத்தி மிதிக்கும் வேலை தொடங்கியது. சேற்றை மிதித்து மிதித்துப் பாத்தியைக் கெட்டியாக்குவார்கள். மூக்கில் துணி கட்டக் கூடாது, நூலைத் தொடக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அம்மா துணியை மூக்கில் கட்டாமல், தலையிலிருந்து முகத்துக்கு முன்னால் தளரத் தொங்கவிட்டுக்கொண்டாள். எனக்கு அப்போது இரவு வேலை. நான் திரும்பும்போது அவள் அளத்துக்குப் போயிருப்பாள். அவள் வரும்போது நான் கிளம்பியிருப்பேன். அப்படியே சில நாள் ஒருவரை ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை.

டாக்டர் பார்க்கும் நாள் வந்தது. அம்மா நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் டார்ச்சை அடித்தார். கையை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"இது என்ன?"

நான் குனிந்தேன். நீல முடிச்சைக் காணவில்லை. அந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் துளியூண்டு குச்சி நீட்டிக்கொண்டிருந்தது.

"வேப்பங்குச்சி" என்றாள் அம்மா.

மறுபடியும் சீழ் பிடித்தால் காதிலிருந்து வந்த அந்தத் துண்டும் பழையது போலவே கரைந்து போகும். எத்தனை அழகாக உட்கார்ந்த துண்டு.

"எம்மா, என்ன காரியம் பண்ணிட்டே!"

"சத்தம் போடாத. பாத்தி மிதிக்கையில தலைத்துணி அவிழ்ந்துச்சு. உதறிக் கெட்டும்போது நூலு மாட்டிக்கிட்டு வந்துட்டு. ஓட்டை தூந்து போயிரும்லா? உன்னைத் தேடினா நீ டூட்டி. அதான் அப்பா வேப்பங்குச்சி சீவித் தந்தாரு. காது குத்தினா அதைத்தான வைப்போம்?"

டாக்டர் இடுக்கியால் குச்சியை உருவினார். அவர் துளையைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். நாசியை உள்ளேயும் வெளியேயும் விரல் வைத்துப் பார்த்தார். சிவப்பு இல்லை. வீக்கம் இல்லை. குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வழவழவென்று சீவியிருந்தது.

"இதை அப்படியே சொருகினீங்களா?"

"அப்படியே சொருகுவமா ஐயா?" அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தண்ணியில போட்டு நல்லாக் கொதிக்க வச்சேன். கையையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். இவ கத்தி கத்தரி எல்லாம் வேகவைக்கதாச் சொன்னாள்லா, கணவாய் வச்ச அன்னைக்கு?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கணவாயா?"

"அது பெரிய கதை சார்" என்றேன்.

"அதிர்ஷ்டம்மா இது" என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்ல ஆரம்பித்தவருக்குப் பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. "இனிமே நூல் போனா பஸ் ஏறி மதுரைக்கு வாங்க. குச்சி வேண்டாம். எங்க, மூச்சை இழுங்க பார்ப்போம். பலமா."

அம்மா மார்பு நிறைய இழுத்தாள். நாசி அசையவில்லை. நின்ற இடத்தில் நின்றது.

"முத்தைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

முந்தானை முடிச்சிலிருந்து சிமிழ் வந்தது. அம்மாவிடம் சிமிழ் இல்லாமல் போகுமா? டாக்டர் மூக்குத்தியின் தண்டை மருந்தில் துடைத்து என்னிடம் நீட்டினார். "நீயே போடு."

மூக்குத்தியை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு குனிந்தேன். தண்டு துளைக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று. உள்ளே திருகாணியை வைத்துத் திருகினேன். ஒரே ஒரு சுற்றுதான் பிடித்தது.

"பத்தலையே" என்றாள் அம்மா. "மூக்கு தடிச்சுப் போச்சா?"

"துளைக்கு மேலயே ரெண்டு அடுக்குக் காது இருக்கில்ல, சுத்திச் சதையும் தடிச்சிருக்கு" என்றார் டாக்டர். "ஆசாரிகிட்ட தண்டை மட்டும் நீட்டச் சொல்லுங்க. மூக்கைக் காட்டாதீங்க."

ஆசாரி தண்டை நீட்டித் தரும்வரை அந்த ஒரு சுற்றை நம்பாமல் அம்மா தலையை நேராக வைத்துக்கொண்டே நடமாடினாள். தூங்கும்போதுகூட விட்டத்தைப் பார்த்துத்தான் படுத்தாள். அப்பா ஒன்றும் கேலி செய்யவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து, எதையோ கேட்க வந்தவர் போல அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தார். "என்னவாம்?" என்று அவள் கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மாத்தான்" என்பார்.

உப்பு வாரும் பருவம் வந்தது. முதல் நாள் நான் லீவு போட்டுவிட்டு அவளோடு அளத்துக்குப் போனேன். அம்மா துணியைத் தலையில் மட்டும் கட்டி, முனையைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். பக்கத்துப் பாத்தி அத்தை உப்பு வாரும் பலகையை ஊன்றி நிமிர்ந்தாள். ஒரு நொடி அப்படியே பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"ஏளா எல்லாரும் வாங்க! மைனியைப் பாருங்க! கண்ணுக்கு மேல ஒரு பொம்பள, கீழ வேற பொம்பள!"

உண்மைதான். இத்தனை வருஷம் துணி மறைத்திருந்த மூக்கும் கன்னமும் வாயும் வெளுத்திருந்தன. வெயில் பட்ட நெற்றியும் கண்ணைச் சுற்றிய இடமும் கறுத்திருந்தன. நடுவில் கோடு போட்ட மாதிரி இருந்தது. பார்த்துப் பழகி எங்களுக்குத் தெரியாமல் போனது, வெள்ளை உப்புக்கு நடுவே பளிச்சென்று தெரிந்தது.

பெண்கள் பாத்தி வரப்பில் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஒருத்தி முத்தைத் தொடப் போனாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"மூஞ்சியை எங்க வேணா தொடு. அங்கன மட்டும் தொடாத. அது என் மக அளவெடுத்து வெட்டினது."

பிறகு முகத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிக்கொண்டு உப்பு வார ஆரம்பித்தாள். பருவம் பாதி போவதற்குள் இரண்டு நிறமும் ஒன்றாகிவிட்டன.